சர்க்கரை நோயே இல்லை, ஆனால் சுகர் இறங்குகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவன், டாக்டர் இல்லை. ஆனால் "எனக்கு லோ சுகர் இருக்கும்போல, டெஸ்ட் பண்ணிச் சொல்லுங்க" என்று வந்து நிற்பவர்களை முதலில் பார்ப்பது என்னைப் போன்றவர்கள்தான். வரும்போது நன்றாகத்தான் இருப்பார்கள். நடுக்கமும் வியர்வையும் முந்தின நாள் சாயங்காலம் வந்து போயிருக்கும். ரத்தம் எடுத்துப் பார்த்தால் 92 என்று வரும், முகம் வாடிவிடும். "அப்போ எனக்கு ஒண்ணும் இல்லையா?" என்பார்கள். அந்த 92 அதற்குப் பதில் சொல்லாது. நேற்றுச் சாயங்காலத்து ரத்தத்தை இன்று காலையில் எடுக்க முடியாது, இந்த விஷயத்தின் சிக்கலே அதுதான். அவர்கள் கேட்கும் கேள்விகளையும், வேலையிலும் படிப்பிலும் நான் தெரிந்துகொண்ட பதில்களையும் இங்கே எழுதுகிறேன். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்களுக்குக் கணக்கு வேறு, இந்தப் பக்கம் அவர்களுக்கானது இல்லை.

சர்க்கரை நோய் இல்லாதவருக்கும் நிஜமாகவே சுகர் இறங்குமா?

இறங்கும். ஆனால் மக்கள் நினைக்கிற அளவுக்கு அடிக்கடி இல்லை.

மூளைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ் வேண்டும், அது நின்றால் எல்லாம் நின்றுவிடும் என்பதால் உடம்பு இதற்கு அடுக்கடுக்காகக் காவல் வைத்திருக்கிறது. ரத்தச் சர்க்கரை 80-ஐ ஒட்டி வரும்போதே கணையம் இன்சுலினைக் குறைத்துவிடும். 65, 70 வாக்கில் குளுக்ககான், அட்ரினலின் என்ற ஹார்மோன்கள் கிளம்பி, கல்லீரலில் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரையை ரத்தத்தில் இறக்கிவிடச் சொல்லும். அந்தச் சேமிப்பும் தீர்ந்தால் கல்லீரலே புதிதாகச் சர்க்கரை தயாரிக்கும், சிறுநீரகமும் கொஞ்சம் கைகொடுக்கும். இதனால்தான் ராத்திரி முழுக்கத் தூங்கி எழுந்தாலும் நமக்கு ஒன்றும் ஆவதில்லை. ஒருவேளைச் சாப்பாட்டை விட்டதால் மட்டும் ஆரோக்கியமான ஒருவருக்கு ஆபத்தான அளவுக்கு இறங்காது. பசிக்கும், எரிச்சல் வரும், தலை வலிக்கும், ஆனால் அது வேறு.

ஆக, நிஜமாகவே இறங்கியது என்று உறுதியானால், இந்தக் காவலில் எங்கோ ஓட்டை விழுந்திருக்கிறது என்று அர்த்தம். அபூர்வம் என்பதற்காக அதை அலட்சியப்படுத்தக் கூடாது என்று நான் சொல்வதும் அதனால்தான்.

எந்த எண்ணுக்குக் கீழே போனால் லோ சுகர்?

எல்லோரும் 70 என்று சொல்வார்கள். அது சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்களுக்கான எச்சரிக்கைக் கோடு: இதற்குக் கீழே இறங்க விடாதே, உடனே ஏதாவது சாப்பிடு என்று சொல்வதற்காக வைத்தது. நோய் இல்லாதவருக்கு 68 வந்தால் பெரும்பாலும் அதற்கு ஒரு பொருளும் இல்லை. சர்க்கரை நோய் இல்லாதவர்களில் டாக்டர்கள் கணக்கில் எடுப்பது 55 மில்லிகிராமுக்குக் கீழே, அதாவது ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில். மில்லிமோலில் அளக்கும் இடங்களில் அதையே 3.0 என்பார்கள்.

அந்த 55-கூட தனியாக நின்று தீர்ப்பு சொல்லாது. நீண்ட நேரம் பட்டினி இருக்கும்போது சில ஆரோக்கியமான பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அதற்கும் கீழே போவதுண்டு, எந்தத் தொந்தரவும் இருக்காது. எண்ணோடு அறிகுறியும் சேர்ந்து வர வேண்டும்.

அறிகுறிகள் என்னென்ன? சாதாரணப் பசி மயக்கத்திலிருந்து எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

இரண்டு வகையாக வரும். முதல் வகை உடம்பு அடிக்கும் மணி: கை நடுக்கம், நெஞ்சு படபடப்பு, குப்பென்று வியர்வை, திடீர்ப் பசி, காரணமில்லாத பதற்றம், உதட்டிலும் விரல் நுனியிலும் ஒரு மதமதப்பு. இதெல்லாம் அட்ரினலினும் நரம்புகளும் செய்கிற வேலை. சிக்கல் என்னவென்றால், பயத்திலும், காபி அதிகமானாலும், தூக்கம் கெட்டாலும், தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே மணி அடிக்கும். அதனால் இந்த வகை மட்டும் இருந்தால் லோ சுகர் என்று சொல்லிவிட முடியாது.

இரண்டாவது வகை மூளைக்குச் சர்க்கரை எட்டாததால் வருவது. பேச்சு குழறும், பார்வை மங்கும் அல்லது இரண்டிரண்டாகத் தெரியும், தெரிந்த கணக்கு வராது, குணம் மாறும், சம்பந்தமில்லாமல் கோபம் வரும், முற்றினால் வலிப்பு, நினைவிழப்பு. பெரும்பாலும் அவருக்கே இது தெரியாது, பக்கத்தில் இருப்பவர்தான் சொல்வார்.

ஒருமுறை வேறு ஏதோ டெஸ்டுக்கு வந்த ஒருவர் என் மேஜை முன்னால் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தார். தன் பெயரின் முதல் எழுத்தை எழுதினார், பேனாவை எடுத்தார், மறுபடி அதே எழுத்தையே எழுதினார். மூன்றாவது தடவையும் அதே எழுத்து. சட்டைக் காலர் நனைந்திருந்தது, அறை குளிர்ச்சியாகத்தான் இருந்தது. "சார், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டதற்கு "எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்" என்று எரிந்து விழுந்தார். உடனே ரத்தம் எடுத்தோம், எடுத்த கையோடு சர்க்கரைக் கரைசலைக் கொடுத்தோம். ரிசல்ட் 38. பத்து நிமிடம் கழித்து அந்தப் படிவத்தைத் தானே எடுத்துப் பார்த்து, "இதையா நான் எழுதினேன்?" என்றார். இந்த இரண்டாம் வகை ஒரே ஒருமுறை வந்திருந்தாலும் டாக்டரைப் பார்க்காமல் விடாதீர்கள்.

டாக்டர்கள் எதை வைத்து உறுதி செய்கிறார்கள்?

மூன்று விஷயங்கள் ஒன்றாகப் பொருந்த வேண்டும். அறிகுறி இருக்க வேண்டும். அந்த அறிகுறி இருக்கும் நேரத்திலேயே எடுத்த ரத்தத்தில் சர்க்கரை குறைந்திருக்க வேண்டும். சர்க்கரையை ஏற்றியதும் அறிகுறி விலக வேண்டும். 1930களில் ஆலன் விப்பிள் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர், கணையத்தில் யாருக்குக் கத்தி வைக்கலாம், யாருக்குக் கூடாது என்று முடிவு செய்வதற்காக வகுத்த முறை இது. இன்றைக்கும் விப்பிளின் மூன்று விதிகள் என்றுதான் சொல்கிறார்கள். இவ்வளவு கருவிகள் வந்த பிறகும் அதை யாரும் மாற்றவில்லை.

மூன்றில் நடுவில் இருப்பதைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். நடுங்கியது, இனிப்பு சாப்பிட்டேன், சரியாகிவிட்டது என்று வருபவரிடம் முதலாவதும் மூன்றாவதும் இருக்கின்றன. இனிப்பு சாப்பிட்டுவிட்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் பதற்றத்தால் வந்த நடுக்கமும்தான் அடங்கும். நடுவில் ஓர் எண் இல்லாமல் எதுவும் நிரூபணம் ஆகாது.

அப்படியானால் அறிகுறி வந்ததும் முதலில் சாப்பிடுவதா, டெஸ்ட் பண்ணுவதா?

நினைவு தெளிவாக இருக்கிறது, வீட்டில் சுகர் பார்க்கும் மீட்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்றால் முதலில் விரலில் குத்திப் பாருங்கள், ஒரு நிமிடம்தான் ஆகும். நேரத்தையும் எண்ணையும் குறித்துக்கொண்டு உடனே சாப்பிடுங்கள். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பார்த்து, எண் ஏறியதா, அறிகுறி போனதா என்று இரண்டையும் எழுதுங்கள். விப்பிளின் மூன்றாவது விதி அதில் அடங்கிவிடும்.

பேச்சு குழறுகிறது, கண் இருட்டுகிறது, மீட்டரைத் தேட வேண்டியிருக்கிறது என்றால் டெஸ்டை மறந்துவிடுங்கள். முதலில் சர்க்கரை. சான்று இன்னொரு நாள் கிடைக்கும்.

எவ்வளவு சாப்பிட வேண்டும் என்றால், சீக்கிரம் ரத்தத்தில் கலக்கும் சர்க்கரை 15 கிராம்: குளுக்கோஸ் மாத்திரை மூன்று நான்கு, அல்லது அரை டம்ளருக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பழச்சாறு, அல்லது தண்ணீரில் கரைத்த மூன்று டீஸ்பூன் சர்க்கரை. சாக்லேட் சரிப்படாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரையை மெதுவாகத்தான் உள்ளே விடும். 15 நிமிடத்தில் ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை. ஏறின பிறகு கொஞ்சம் புரதத்தோடு சாதாரணச் சாப்பாடு.

வீட்டில் இருக்கும் குளுக்கோமீட்டரை நம்பலாமா?

தகவலுக்கு நம்பலாம், தீர்ப்புக்கு நம்ப முடியாது. மீட்டர்களுக்கான சர்வதேசத் தரமே, 100-க்குக் கீழே இருக்கும்போது கருவி 15 மில்லிகிராம் கூடக் குறையக் காட்டினாலும் ஏற்றுக்கொள்கிறது. உங்கள் மீட்டர் 58 காட்டினால் உண்மையில் 43 ஆகவும் இருக்கலாம், 73 ஆகவும் இருக்கலாம். ஒன்று அவசரம், இன்னொன்று ஒன்றுமே இல்லை. உயர்ந்த சர்க்கரையைக் கண்காணிக்கச் செய்த கருவி அது, 250-ல் 15 முன்னே பின்னே போனால் யாருக்கும் நஷ்டமில்லை. கீழ்ப்பக்கம் வரும்போதுதான் அந்த 15 பெரிதாகத் தெரிகிறது.

கருவியின் தவறு போக, நாம் செய்யும் தவறும் உண்டு. பழம் உரித்த கையோடு குத்தினால் தோலில் ஒட்டியிருக்கும் சர்க்கரையும் சேர்ந்து எண் கூடிவிடும், நிஜமான இறக்கம் மறைந்துபோகும். விரல் சில்லென்று இருந்தால், குறிப்பாகக் குளிரில் விரல் வெளுத்துப்போகும் ரேனாடு தொந்தரவு உள்ளவர்களுக்கு, விரல் நுனியில் ரத்தம் தேங்கி நின்று எண் பொய்யாகக் குறையும். வெதுவெதுப்பான தண்ணீரில் கையைக் கழுவி, நன்றாகத் துடைத்து, விரலைப் பிழியாமல் எடுங்கள். ஸ்ட்ரிப் டப்பாவின் காலாவதித் தேதியைப் பாருங்கள், டப்பாவைத் திறந்து போடாதீர்கள். குறைந்த எண் வந்தால் வேறு விரலில் உடனே இன்னொரு தடவை.

லேபில் எடுத்த ரத்தத்தில் 52 வந்திருக்கிறது. எனக்கு ஒரு அறிகுறியும் இல்லையே?

இது என் பக்கத்து விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ரத்தம் உடம்பை விட்டு வெளியே வந்த பிறகும் அதிலுள்ள அணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன, டியூபில் உட்கார்ந்துகொண்டே சர்க்கரையைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். 80 இருந்த ரத்தத்தை நான்கு மணி நேரம் மேஜையில் விட்டால் 60 பக்கத்தில் வந்து நிற்கும். காலையில் எடுத்த சாம்பிளை மதியம் வண்டி வந்து இன்னொரு இடத்துக்கு ஏற்றிக்கொண்டு போகிறது என்றால் யோசித்துப் பாருங்கள். வெள்ளை அணுக்களோ சிவப்பணுக்களோ அளவுக்கு மீறி இருக்கும் நோய்களில் இது இன்னும் வேகமாக நடக்கும். நோயாளிக்கு ஒன்றும் இருக்காது, ரிப்போர்ட்டில் மட்டும் சுகர் விழுந்து கிடக்கும்.

இதைத் தடுக்கத்தான் சாம்பல் நிற மூடி போட்ட டியூப். அதில் ஃபுளோரைடு இருக்கும், அணுக்கள் சர்க்கரையை உடைக்கும் வேலையை அது நிறுத்தும். ஆனால் முழுதாக நிறுத்த ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுக்கும், அதற்குள் கொஞ்சம் போய்விடும். டியூப்பை ஐஸில் வைத்து, சீக்கிரம் சுழற்றிப் பிளாஸ்மாவைத் தனியாகப் பிரித்தால்தான் எண்ணை நிம்மதியாக நம்பலாம். அறிகுறி இல்லாமல் குறைந்த எண் வந்தால் பதற வேண்டாம், எந்த டியூபில் எடுத்தார்கள், எவ்வளவு நேரம் கழித்துப் பரிசோதித்தார்கள் என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, எந்த நல்ல டெக்னீஷியனும் கோபித்துக்கொள்ள மாட்டார். இன்னொரு தடவை சரியான டியூபில் எடுக்கச் சொல்லுங்கள்.

சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரத்தில்தான் எனக்கு வருகிறது. இது என்ன?

அதிகம் பேர் சொல்வது இதைத்தான். இனிப்பான பானமோ மாவுச்சத்து நிறைந்த சாப்பாடோ உள்ளே போனதும் சர்க்கரை மளமளவென்று ஏறுகிறது, இன்சுலின் அதைத் துரத்திக்கொண்டு வருகிறது, சர்க்கரை இறங்கிய பிறகும் இன்சுலின் கொஞ்ச நேரம் நிற்கிறது. அப்போது நடுக்கம் வரும். ஆனால் அந்த நேரத்தில் அளந்து பார்த்தால் பலருக்கும் 70, 75 என்று சாதாரணமாகவே இருக்கும். அறிகுறி பொய் இல்லை, சர்க்கரைதான் காரணம் என்பதுதான் உறுதியில்லை.

எண் உண்மையிலேயே குறைந்தாலும் இல்லாவிட்டாலும் முதலில் செய்து பார்க்கச் சொல்வது ஒன்றுதான்: சர்க்கரை பானங்களை விடுவது, மாவுச்சத்தைத் தனியாகச் சாப்பிடாமல் புரதம், நார்ச்சத்தோடு சேர்த்துச் சாப்பிடுவது, அளவைக் குறைத்து வேளையைக் கூட்டுவது. இரண்டு மூன்று வாரம் ஒழுங்காகச் செய்தால் நிறைய பேருக்கு அடங்கிவிடுகிறது. அடங்கவில்லை, அல்லது குழப்பம், பார்வை மங்கல் என்று மூளை சம்பந்தப்பட்ட அறிகுறிகள் வருகின்றன என்றால் சாப்பிட வைத்துப் பார்க்கும் டெஸ்ட் தேவைப்படும். உங்களுக்கு எந்த மாதிரிச் சாப்பாட்டில் வருகிறதோ அதையே சாப்பிட வைத்து, ஐந்து மணி நேரம் உட்காரவைத்து, அரை மணிக்கு ஒருமுறை ரத்தம் எடுப்பார்கள்.

குளுக்கோஸ் கரைசல் குடிக்க வைத்து எடுக்கும் டெஸ்ட் போதாதா?

இதற்குப் போதாது. அது சர்க்கரை நோயைக் கண்டுபிடிக்கும் டெஸ்ட். வெறும் வயிற்றில் 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பது நிஜ வாழ்க்கையில் யாரும் செய்யாத காரியம். அதைக் குடித்தபின் ஆரோக்கியமானவர்களிலேயே ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குச் சர்க்கரை 50 வரைக்கும் போய்வரும், அவர்களுக்கு நோயும் இல்லை, பல பேருக்கு அறிகுறியும் இல்லை. ஒரு காலத்தில் இந்த டெஸ்டை வைத்தே அமெரிக்காவில் ஏகப்பட்ட பேருக்கு லோ சுகர் என்று முத்திரை குத்தி, களைப்பு, மனச்சோர்வு எல்லாவற்றுக்கும் அதையே காரணமாகச் சொன்னார்கள். அது சரியில்லை என்று 1973-ல் அங்கிருந்த மருத்துவச் சங்கங்கள் சேர்ந்தே அறிக்கை விட வேண்டியிருந்தது. இத்தனை வருடம் கழித்தும் அந்த டெஸ்டை எழுதிக்கொடுத்து அனுப்புகிறார்கள், வருத்தமாக இருக்கிறது.

விடியற்காலையில், பட்டினியில், உடற்பயிற்சிக்குப் பிறகு வருகிறது. பயப்பட வேண்டுமா?

இதைத் தள்ளிப்போடாதீர்கள். சாப்பாட்டுக்குப் பின் வருவதைவிட வெறும் வயிற்றில் வருவது முக்கியமானது. காரணங்கள் பல: கல்லீரல் செயலிழப்பு, சிறுநீரகச் செயலிழப்பு, ரத்தத்தில் பரவிய கடுமையான தொற்று, மலேரியா, நீண்ட நாள் சரியாகச் சாப்பிடாமை, அட்ரினல் சுரப்பி கார்ட்டிசோலைப் போதுமான அளவு சுரக்காதது. இவற்றில் பெரும்பாலானவற்றில் ஆளைப் பார்த்தாலே நோயாளி என்று தெரிந்துவிடும். நடமாடிக்கொண்டு, வேலைக்குப் போய்க்கொண்டு நன்றாக இருப்பவருக்கு வெறும் வயிற்றில் சர்க்கரை இறங்கினால் மருந்து, இன்சுலினோமா இரண்டையும் யோசிக்க வேண்டும்.

இன்சுலினோமா என்பது கணையத்தில் வரும் சிறு கட்டி, பெரும்பாலும் இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு. சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று பார்க்காமல் தன் பாட்டுக்கு இன்சுலினைச் சுரக்கும். வருடத்துக்குப் பத்து லட்சம் பேரில் ஒன்றிலிருந்து நான்கு பேருக்குத்தான் வருகிறது, பத்தில் ஒன்பது கட்டிகள் புற்றுநோய் இல்லாதவை, எடுத்துவிட்டால் குணம். 1921-ல் இன்சுலினைக் கண்டுபிடித்த அதே டொரண்டோ நகரத்தில், 1929-ல் ராஸ்கோ கிரகாம் என்ற அறுவை மருத்துவர் இப்படி ஒரு கட்டியை எடுத்து நோயாளியைக் குணப்படுத்தினார். குணப்படுத்தக்கூடிய நோய், ஆனாலும் வலிப்பு நோய் என்றும் மனநோய் என்றும் வருடக்கணக்கில் தவறாகவே மருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் உண்டு. காலையில் எழுப்பினால் குழப்பமாகப் பேசுகிறார், சாப்பிட்டால் தெளிகிறார், கொஞ்ச நாளாக எடையும் கூடுகிறது என்று வீட்டார் சொன்னால் அந்தப் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும்.

72 மணி நேரப் பட்டினி டெஸ்ட் என்றால் என்ன? வீட்டிலேயே செய்து பார்க்கலாமா?

வீட்டில் கூடவே கூடாது. அறிகுறி வரும்வரை பட்டினி போட்டு, வந்ததும் ரத்தம் எடுப்பதுதான் இந்த டெஸ்ட், அதனால் ஆஸ்பத்திரியில் சேர்ந்து, கையில் ஊசி போட்டு வைத்துத்தான் செய்வார்கள். தண்ணீர் குடிக்கலாம், கலோரி இல்லாத பானம் குடிக்கலாம், எழுந்து நடக்கச் சொல்வார்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுப்பார்கள், 60-க்குக் கீழே போனதும் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. எண் போதுமான அளவு இறங்கி அறிகுறியும் தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். இன்சுலினோமா உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு 48 மணி நேரத்துக்குள்ளேயே முடிந்துவிடும்.

நிறுத்தும் நேரத்தில் எடுக்கும் ரத்தம்தான் தங்கம். அதில் சர்க்கரையோடு இன்சுலின், சி-பெப்டைடு, புரோஇன்சுலின், பீட்டா ஹைட்ராக்ஸி பியூட்டிரேட் என்ற கீட்டோன் (சர்க்கரை போதாதபோது உடம்பு கொழுப்பை எரித்து உண்டாக்குவது), சர்க்கரை நோய் மாத்திரை ரத்தத்தில் இருக்கிறதா என்ற சோதனை எல்லாவற்றையும் பார்ப்பார்கள். கடைசியில் ஒரு மில்லிகிராம் குளுக்ககான் ஊசி போட்டு சர்க்கரை எவ்வளவு ஏறுகிறது என்றும் பார்ப்பார்கள்.

அந்த இன்சுலின், சி-பெப்டைடு எண்களை எப்படிப் புரிந்துகொள்வது?

சர்க்கரை 55-க்குக் கீழே இருக்கும்போது உடம்பில் இன்சுலின் சுரப்பு ஏறக்குறைய நின்றிருக்க வேண்டும். அப்போதும் இன்சுலின் 3 மைக்ரோ யூனிட்டோ அதற்கு மேலோ, சி-பெப்டைடு 0.6 நானோகிராமோ அதற்கு மேலோ இருந்தால் கணையம் நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்தவில்லை என்று பொருள். கணையம் இன்சுலினைத் தயாரிக்கும்போது கூடவே வெளிவரும் துண்டுதான் சி-பெப்டைடு. ஊசி மருந்தாக வரும் இன்சுலினில் அது இருக்காது. அதனால் இன்சுலின் எகிறி நிற்க, சி-பெப்டைடு மட்டும் இல்லவே இல்லை என்றால், இன்சுலின் வெளியிலிருந்து வந்திருக்கிறது. இரண்டுமே குறைவு, கீட்டோன் மட்டும் கூடுதல் என்றால் உடம்பு பட்டினிக்குச் சரியாகவே பதில் சொல்கிறது, வேறு காரணம் தேட வேண்டும்.

இந்த எண்கள் எல்லாம் சர்க்கரை இறங்கிய அதே ரத்தத்தில் எடுத்தால்தான் பேசும். சர்க்கரை 90 இருக்கும்போது எடுத்த இன்சுலின் 12 என்று ஒரு காகிதத்தை நீட்டி "அதிகமா?" என்று கேட்கிறார்கள், அதை வைத்து லோ சுகரைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. முடிக்கும் நகத்துக்கும் என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சில கருவிகளில் அது இந்த எண்களைக் குழப்பும்.

மருந்தால் வருமா? நான் சர்க்கரை மாத்திரையே சாப்பிடுவதில்லையே.

நீங்கள் சாப்பிடாமல் இருக்கலாம், வீட்டில் வேறு யாராவது சாப்பிடுகிறார்களா? கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகள் மற்ற மாத்திரைகளோடு ஒரே டப்பாவில் கிடந்து மாறிப்போவது நடக்கிறது, கடையிலேயே மாற்றிக் கொடுப்பதும் நடக்கிறது. ரத்தத்தில் இன்சுலினும் சி-பெப்டைடும் சேர்ந்து ஏறும் என்பதால் பார்வைக்கு இன்சுலினோமா மாதிரியே இருக்கும், மாத்திரைக்கான சோதனை ஒன்றுதான் பிரித்துக் காட்டும். அதைச் செய்யாமல் கணையத்தை ஸ்கேன் செய்யப் போவது தலைகீழான வேலை.

இவை தவிர குயினைன், பென்டமிடின், லீவோஃபிளாக்சசின் வகை ஆன்டிபயாடிக்குகள், டிரமடால், ஹைட்ராக்சிகுளோரோகுயின் ஆகியவற்றாலும் சிலருக்கு இறங்கியிருக்கிறது. ஆல்ஃபா லிபோயிக் அமிலம் என்று கடையில் சத்து மாத்திரையாக விற்பது, தைராய்டுக்குக் கொடுக்கும் மெதிமசோல், இவற்றால் அபூர்வமாக இன்சுலினுக்கு எதிரான ஆன்டிபாடி உருவாகி சர்க்கரை தாறுமாறாக இறங்குவதுண்டு. ஜப்பானில் 1970-ல் முதலில் விவரித்தது இது, ஹிராட்டா நோய் என்பார்கள். சாப்பிடும் எல்லாவற்றையும், சத்து மாத்திரை, மூலிகைப் பொடி உள்பட, பையோடு எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள்.

மது குடித்தால்?

கல்லீரல் புதிதாகச் சர்க்கரை தயாரிப்பதை மது தடுக்கும். வயிற்றில் சாப்பாடு இருக்கும்வரை தெரியாது. ஒரு நாளோ இரண்டு நாளோ சரியாகச் சாப்பிடாமல் குடித்தவருக்குச் சேமிப்பும் தீர்ந்து, தயாரிப்பும் நின்று சர்க்கரை ஆபத்தாக இறங்கும். இதில் பயமே, போதையில் தூங்குகிறார் என்று விட்டுவிடுவதுதான். எழுப்பி எழவில்லை என்றால் தூக்கம் என்று நினைக்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

எடை குறைக்க இரைப்பை ஆபரேஷன் செய்துகொண்டேன். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. உணவு இரைப்பையில் தங்காமல் குடலுக்கு நேராகப் பாய்வதால் சர்க்கரை வேகமாக ஏறி, இன்சுலின் அதைவிட வேகமாகக் கொட்டுகிறது. சாப்பிட்டு அரை மணிக்குள் வரும் படபடப்பும் வயிற்றுப்போக்கும் வேறு, அது உணவு வேகமாக இறங்குவதால் வருவது. ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்தில் வருவதுதான் சர்க்கரை இறக்கம், பெரும்பாலும் ஆபரேஷன் முடிந்து ஒரு வருடத்துக்குப் பிறகுதான் தலைகாட்டும், அதனாலேயே இரண்டையும் யாரும் சேர்த்து யோசிப்பதில்லை. உணவு மாற்றமும், தேவைப்பட்டால் அகார்போஸ் என்ற மாத்திரையும் பலருக்கு உதவுகின்றன. இது தெரியாத டாக்டரிடம் போனால் ஆபரேஷன் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தோளில் ஒட்டும் சென்சார் வாங்கிப் போட்டுக்கொண்டால் தெரிந்துவிடாதா?

ராத்திரி 3 மணிக்கு 54 என்று அலாரம் அடித்து, பயந்துபோய் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். விசாரித்தால் சென்சார் இருக்கும் பக்கமாகவே திரும்பிப் படுத்திருப்பார்கள். அழுத்தம் பட்ட இடத்தில் எண் பொய்யாக இறங்கும். அதோடு சென்சார் அளப்பது ரத்தத்தை அல்ல, தோலுக்கடியில் உள்ள நீரை. ரத்தத்துக்குப் பல நிமிடம் பின்னால்தான் அது வரும், கீழ்ப்பக்கம் துல்லியமும் குறைவு. நல்ல உடம்பு உள்ளவர்களுக்கும் ஒரு நாளில் சில நிமிடங்கள் 70-க்குக் கீழே காட்டும். எந்த நேரத்தில் இறங்குகிறது என்று ஒரு போக்கு தெரிந்துகொள்ள டாக்டரே போடச் சொன்னால் போடலாம். அலாரம் அடித்தால் விரலில் குத்திப் பார்க்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள்.

ஹெச்பிஏ1சி பார்த்தால் தெரியுமா?

தெரியாது. அது மூன்று மாதச் சராசரி. ஒரு நாளில் பத்து நிமிடம் இறங்கி ஏறியதை எந்தச் சராசரியும் காட்டாது.

குழந்தை காலையில் எழுந்ததும் துவண்டுபோகிறது, அது லோ சுகரா?

இருக்கலாம். ஒன்றரை வயதிலிருந்து ஐந்து வயதுவரை, ஒல்லியான குழந்தைகளுக்கு, முந்தின ராத்திரி சாப்பிடாமல் தூங்கிவிட்டாலோ காய்ச்சல், வாந்தி இருந்தாலோ காலையில் சர்க்கரை இறங்கி கீட்டோன் ஏறுவதுண்டு. சேமிப்பு குறைவு என்பதால் வருவது, வளர வளரப் போய்விடும். ஆனால் இதே மாதிரி வரும் பரம்பரைக் குறைபாடுகளும் ஹார்மோன் குறைபாடுகளும் இருப்பதால் முதல் தடவையே குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். முடிந்தால் சர்க்கரை கொடுப்பதற்கு முன் ரத்தமும், அதற்குப் பின் போகும் முதல் சிறுநீரும் எடுத்துவைத்தால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்தது. பிறந்த குழந்தையின் கணக்கு முற்றிலும் தனி, அதை இங்கே கலக்கவில்லை.

மயங்கிவிட்டார். வாயில் சர்க்கரை போடலாமா?

வேண்டாம். விழுங்கத் தெரியாத நிலையில் வாயில் எதைப் போட்டாலும் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், "சுகர் இறங்கியிருக்கலாம்" என்று வந்தவர்களிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அவர்கள் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றுவார்கள். முடிந்தால் ஏற்றுவதற்கு முன் ஒரு டியூப் ரத்தம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள், ஆனால் அதற்காக ஒரு நொடிகூடத் தாமதிக்க விடாதீர்கள்.

அறிகுறி வந்தபோதெல்லாம் அளந்தேன், எல்லாம் 80-க்கு மேல்தான். டாக்டர் பதற்றம் என்கிறார். நான் என்ன செய்வது?

முதலில், நீங்கள் அளந்தது வீண் இல்லை. அறிகுறி இருக்கும்போது 80-க்கு மேல் நான்கைந்து தடவை வந்தால், அந்த அறிகுறிக்குச் சர்க்கரை காரணமில்லை என்று நீங்களே நிரூபித்துவிட்டீர்கள். அது பெரிய தகவல். இனி சர்க்கரையையே துரத்திக்கொண்டிருக்காமல் மற்றதைப் பார்க்கலாம். அதே நேரத்தில் ரத்த அழுத்தமும் நாடித் துடிப்பும் எவ்வளவு என்று பாருங்கள், எழுந்து நிற்கும்போது மட்டும் வருகிறதா என்று கவனியுங்கள். ரத்தசோகை, தைராய்டு, இதயத் துடிப்பில் கோளாறு, மாதவிடாய் நிற்கும் காலத்து உடல்வெக்கை இவையெல்லாம் இதே முகமூடி போட்டுக்கொண்டு வரும். படபடப்போடு தலைவலியும் வியர்வையும் ரத்த அழுத்த ஏற்றமும் சேர்ந்து வந்தால் அட்ரினல் சுரப்பியையும் பார்க்கச் சொல்லுங்கள். இவை எல்லாம் சரியாக இருந்து பதற்றம்தான் என்றால், அதற்கும் நல்ல சிகிச்சை இருக்கிறது, பதற்றமும் நிஜமான நோய்தான்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது என்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும்?

ஒரு தாள் போதும். தேதி, மணி, கடைசியாக என்ன சாப்பிட்டேன், எத்தனை மணி நேரத்துக்கு முன், என்ன அறிகுறி, மீட்டரில் என்ன எண், என்ன சாப்பிட்டதும் சரியானது, எத்தனை நிமிடத்தில். கூட இருந்தவர் என்ன பார்த்தார் என்பதையும் எழுதுங்கள், முடிந்தால் அவரையே கூட்டிக்கொண்டு போங்கள். மருந்துப் பையை மறக்காதீர்கள். அப்புறம் ஒரு கோரிக்கை வையுங்கள்: "அறிகுறி வரும்போது நேராக லேபுக்குப் போனால் எடுக்கும்படி இப்போதே ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள்." குளுக்கோஸ், இன்சுலின், சி-பெப்டைடு மூன்றையும் ஒரே நேரத்தில் எடுக்கச் சொல்லி எழுதியிருக்க வேண்டும். அந்தச் சீட்டைப் பர்ஸில் வைத்திருங்கள். தனியாக வண்டி ஓட்டிக்கொண்டு வராதீர்கள், யாரையாவது கூட்டிக்கொண்டு வாருங்கள், கையில் குளுக்கோஸும் இருக்கட்டும். உள்ளே நுழைந்ததும் டோக்கன் போட்டு உட்காராமல் "இப்போது நடுங்குகிறது, இப்போதே எடுங்கள்" என்று சொல்லுங்கள். நாங்கள் வரிசையை ஒதுக்கிவிட்டு எடுப்போம்.